கியர் ஏறாத பின்னேரங்கள்

நாற்பத்து நான்கு வயதில் ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கியவன் சாய்ந்தமருதில் என்னைத் தவிர இன்னொருவன் இருக்கிறானா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் அவன் பாவம். அவனுக்கும் பெண்சாதி இருப்பாள், மச்சான்மார் இருப்பார்கள், "மாஷா அல்லாஹ், மகனுக்கா வாங்கினீங்க?" என்று வழி மறித்துக் கேட்கும் ஆட்கள் இருப்பார்கள். அல்லாஹ் அவனுக்குப் பொறுமையைக் கொடுக்கட்டும். எனக்குக் கொடுக்கவில்லை. பொறுமையில்லாமல் நான் ஒரு மனிதருக்குச் செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். பதினெட்டு வயதில் இப்படியொரு பைக்குக்கு ஆசைப்பட்டேன். அப்போது கையில் ஒன்றுமில்லை. கையில் ஏதோ வந்தபோது பிள்ளைகள் வந்தார்கள். பிள்ளைகள் வளர்ந்தபோது நாட்டில் வாகன இறக்குமதியை நிறுத்திப் போட்டார்கள். திறந்துவிட்ட கையோடு, யாரிடமும் கேளாமல், போய்ச் சிவப்பு நிறத்தில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினேன். வீடு என்றால் என் மனைவியின் வீடு. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறவன். ஆகவே எதை வாங்கினாலும் அது அவளுடைய முற்றத்தில்தான் நிற்க வேண்டும்.

அவள் வெளியே வந்து பைக்கைச் சுற்றிப் பார்த்தாள். பின் இருக்கை அவளுடைய நெஞ்சு உயரத்துக்கு இருந்தது.

"இதுல நான் எங்க இரிக்கிற? ஏணி வெச்சா ஏறுற?" என்றாள்.

"ஒனக்கு ஸ்கூட்டி இரிக்கிதானே" என்றேன்.

"ஓம். எனக்கு ஸ்கூட்டி இரிக்கி. ஒங்களுக்கு விசர் இரிக்கி" என்று சொல்லி, தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுழற்றிக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முதல் இரண்டு மாதமும் பைக்கைப் பாடசாலைக்கு மட்டும்தான் கொண்டு போனேன். புது எஞ்சின், பழகட்டும் என்று. பின்னேரத்து வேலைக்கும் பள்ளிவாசலுக்கும் பழைய பைக் இருந்தது. பதினைந்து வருடம் ஓடிய கிழட்டுப் பைக். கியர் மாற்றுவதற்கு அதில் ஒரு வித்தையும் தேவையில்லை. எல்லாக் கியரும் மிதித்தால் விழும். முன்னால் மிதித்தால் கூடும், குதியால் பின்னால் மிதித்தால் குறையும். கால் செத்தவனும் ஓட்டலாம். புதியது அப்படியில்லை. முதலாம் கியர் மட்டும் கீழே. மற்ற ஐந்துக்கும் கால் விரலை லீவருக்கு அடியில் கொடுத்து மேலே தூக்க வேண்டும். இதை நான் இங்கே விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தயவுசெய்து மனதில் வைத்திருங்கள், நான் வைத்திருக்கவில்லை.

முதல் ஒயில் மாற்றவும் செயின் இறுக்கவும் வேண்டிய காலம் வந்தது. விற்ற கம்பனியின் சேவிஸ் நிலையம் தூரம். திகதி எடுத்து, போய், வரிசையில் இருக்க வேண்டும். எனக்கு ஏலுமா அது? கல்முனைக்கு அப்பால், தமிழ் ஊரான பாண்டிருப்பில் மெயின் ரோட்டு ஓரம் ஒருவர் புதிதாகக் கராஜ் திறந்திருந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். கட்டாரில் ஆறு வருடம் பெரிய பைக்குகள் திருத்தும் இடமொன்றில் வேலை செய்தவர். கடை திறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பாடசாலை விட்டு நேரே கொண்டு போன என் பைக்கைத் தொடுவதற்கு முன் கையைப் பழந்துணியில் இரண்டு தரம் துடைத்தார். அது எனக்குப் பிடித்தது.

வேலை செய்துகொண்டே கதைத்தார். "இந்த மாதிரிப் புது ஸ்போர்ட்ஸ் பைக் இதுதான் சேர் என்ட கடைக்கு முதல் வாறது. இதைப் பார்த்திட்டு நாலு பேர் வருவினம். கடை ஓடிச்செண்டா இஞ்சயே நிப்பன். இல்லாட்டிப் பழையபடி கட்டார்தான்."

"ஏன், கட்டார்ல நல்ல சம்பளம்தானே?" என்றேன்.

"சம்பளம் என்னத்துக்கு சேர்? மகளுக்கு நாலு வயசு. லீவுல வந்தா என்னைப் போன்ல கதைக்கிற மாமா எண்டு சொல்றாள்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் சந்தோசம் இருக்கவில்லை. எனக்கும் பிள்ளைகள் இருப்பதால் விளங்கியது. "ஒண்டுக்கும் யோசிக்காதீங்க தம்பி, நான் ஆக்களுக்குச் சொல்லுறன்" என்று வாக்கும் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த வாக்கை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்பதுதான் இந்தக் கதை.

அதே கிழமை, ஏழு நாள் முடியுமுன்னே, மச்சான் வந்தார். மச்சான் என்றால் மனைவியின் மூத்த சகோதரர், கல்முனைக் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருப்பவர். கடைச் சாமான் ஏற்றி இறக்க என் பழைய பைக்கைக் கேட்டார். கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து பாடசாலை, சந்தை, பள்ளிவாசல், வயல் எல்லாவற்றுக்கும் புதிய பைக்தான்.

அன்றிலிருந்துதான் சனியனும் பிடித்தது.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் போகிறேன். முதலாம் கியர் விழுந்தது. இரண்டாவது தட்டுத் தடுமாறி ஏறியது. மூன்றாவதுக்குத் தூக்கினேன், ஏறவில்லை. எஞ்சின் மட்டும் "ஊ..." என்று கத்துகிறது, பைக் தன்பாட்டில் உருண்டு போகிறது. ரோட்டில் நின்ற பொடியன்கள் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி தூக்கினேன். அரைவாசியில் நின்றது. மூன்றாவதுமில்லை, இரண்டாவதுமில்லை, அந்தரத்தில் நிற்கிறது. கீழே தட்டி, மேலே தூக்கி, ஒருவழியாகப் பள்ளிவாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜமாஅத்தில் பாதித் தொழுகை, இரண்டு றக்அத், முடிந்திருந்தது. தொழுகையிலும் எனக்கு மூன்றாம் கியர்தான் நினைவு. அஸ்தஃபிருல்லாஹ்.

மறுநாள் காலை பாடசாலைக்குப் போனேன். கியர் என்றால் கியர், ஒன்றிலிருந்து ஆறு வரை பட்டுப் போல ஏறியது. சரி, நேற்று ஏதோ, என்று நினைத்தேன். பின்னேரம் மீன் வாங்கப் போனேன். மறுபடி அதே கூத்து. பஸ் நிலையத்துக்கு முன்னால், ஒரு பஸ்ஸுக்கு நேரே, கியரில்லாமல் நின்றேன். பஸ்காரன் ஹோர்ன் அடித்த அடியில் என் கையிலிருந்த மீன் பை விழுந்தது. எட்டிப் பார்த்து, "என்ன மாஸ்டர், விமானம் ஏறுதில்லையா?" என்றான். என்னிடம் படித்த கழுதைதான்.

ஒரு கிழமை கவனித்தேன். காலையில் ஒரு பிரச்சினையும் இல்லை. பின்னேரமானால் ஏறாது. ஆகா, கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பௌதிகவியல் வாத்தியல்லவா! காலையில் குளிர், பின்னேரம் சூடு. சூட்டில் உலோகம் விரியும், ஒயில் மெலியும். பாண்டிருப்பு மெக்கானிக் போட்ட ஒயில் சரியில்லை, அல்லது கியர்ப் பெட்டிப் பக்கம் எதையோ கூட இறுக்கிவிட்டார். அவர் கை வைத்த கிழமையிலிருந்துதானே இது தொடங்கியது! கணக்குச் சரியாக வந்தது. உச்சி வெயிலில் ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டு வரும்போது கியர் ஒழுங்காக ஏறியதே, அது எப்படி என்று ஒரு மாணவன் கேட்டிருந்தால், "ஐந்து நிமிச ஓட்டம், சூடேற நேரமில்லை" என்று பதில் சொல்லியிருப்பேன். எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

அவரிடம் கொண்டு போனேன். குந்தியிருந்து முழுவதையும் கேட்டார். நான் வெப்ப விரிவு பற்றி ஒரு பாடவேளை அளவுக்கு விளக்கினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, பைக்கை எடுத்துக் கல்லாறு வரை ஓடிப் பார்த்துவிட்டு வந்தார்.

"எனக்கெண்டா ஏறுது சேர்."

"நான் வந்து கதைச்சிக்கிட்டு நிண்ட நேரத்துக்கு ஆறியிருக்கும் தம்பி."

"ஓம் சேர், அதுவும் இரிக்கலாம்" என்றார். ஒயிலை மாற்றினார். கிளச் கேபிளைச் சரிசெய்தார். நான் ஏறி வீட்டுக்கு வந்தேன், வழியில் மூன்றாவது ஏறவில்லை. இரண்டாம் தரம் கொண்டு போனேன். பக்க மூடியைக் கழற்றி, ஒவ்வொரு சாமானாகத் துடைத்து, பார்த்து, பூட்டினார். ஏறவில்லை. மூன்றாம் தரம் ஒரு நாள் முழுக்கத் தன்னிடம் வைத்திருந்து வேலை செய்தார், அப்போதும் ஏறவில்லை. அந்த மூன்று தரமும் அவருடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியதைப் பார்த்தேன். பிழை செய்தவனின் முகம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அட மடையா.

வீட்டில் மனைவி ஒவ்வொரு பின்னேரமும் கேற்றடியில் நின்று, "எத்தினையாம் கியர் வரைக்கும் போய்ட்டு வந்தீங்க?" என்று கேட்டாள். "ஒண்டு செய்ங்க, அத விட்டுட்டு என்ட ஸ்கூட்டியக் கொண்டு போங்க. அதுக்குக் கியரே இல்ல, நிம்மதி." நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த நாட்களில் என் பல் தேய்ந்த அளவுக்குக் கியர் தேயவில்லை.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. மனைவிக்குச் சீதனமாக வந்த வயல் இறக்காமத்தில் இருக்கிறது. தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன். போகும்போதே இரண்டு இடத்தில் கியர் அந்தரித்தது. வயலைச் செய்கிறவர், "மாஸ்டர், நேரத்தோட வெளிக்கிடுங்க, ரெண்டு நாளா குளத்துப் பக்கம் யானை நிக்கிது" என்றார். ஐந்து மணிக்கு வெளிக்கிட்டேன். சாறனை மடித்துக் கட்டியிருந்தேன், காலெல்லாம் சேறு. குளக்கட்டு ரோட்டில் ஏறி இரண்டாம் கியரைப் போட்டு மூன்றாவதுக்குத் தூக்கினேன். ஏறவில்லை. எஞ்சின் கத்துகிறது, பைக் மெதுவாகிறது. அந்த நேரம் பார்த்து வலது பக்கம் திரும்பிப் பார்த்தேன். குளத்தோரம் மூன்று நின்றன. தூரம்தான். ஆனால் அதில் ஒன்று காதை விரித்துக்கொண்டு என் பக்கம் திரும்பியது. யா அல்லாஹ்! எனக்குத் தெரிந்த ஓதல் எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. காலால் எதை எதையோ உதைத்தேன். இரண்டாவதில் விழுந்தது. பிறகு அதை மாற்றவில்லை. இரண்டாம் கியரிலேயே, எஞ்சின் எரிந்துவிடுமோ என்ற பயத்தில் ஊர்ந்து ஊர்ந்து வந்தேன். வைக்கோல் ஏற்றிய உழவு மெசின் ஒன்று என்னை முந்திக்கொண்டு போனது. ஓட்டியவன் கையை வேறு காட்டினான்.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே பாண்டிருப்புக்குத்தான் போனேன். கராஜில் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். புதியவர்கள், இளம் ஆட்கள், நல்ல பைக்குகள். நான் எதையும் பார்க்கவில்லை. அதுவரை "தம்பி, நீங்க" என்று கதைத்தவன், அன்று "நீ" என்று தொடங்கினேன்.

"கட்டார்ல என்னத்தத் திருத்தினாய் நீ? ஒட்டகத்துக்கா கியர் போட்டாய்?"

அந்த இருவரில் ஒருவன் சிரித்தான். அது எனக்கு இன்னும் ஏற்றிவிட்டது. புது பைக்கை நாசமாக்கிவிட்டாய் என்றேன். யானைக்கு முன்னால் என்னைச் சாகக் கொடுக்கப் பார்த்தாய் என்றேன். தெரியாத வேலைக்கு ஏன் போர்ட் போட்டாய் என்றேன். அவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். துடைக்க ஒன்றுமில்லாத கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதோடு நின்றேனா? இல்லை. மச்சானின் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்கு முன்னால் உட்கார்ந்து கதைக்க ஏழெட்டுக் கதிரை கிடக்கும். அங்கே பின்னேரம் அஸருக்குச் சொன்ன கதை இரவு இஷாவுக்கு முன் இரண்டு ஊர் தள்ளி மருதமுனையில் கேட்கும். கதிரையில் ஆறேழு பேர் இருந்தார்கள். எல்லாவற்றையும் கொட்டினேன். சொல்லச் சொல்ல யானை இன்னும் கிட்ட வந்தது, மெக்கானிக் இன்னும் மடையனானார்.

மச்சான் கேட்டுவிட்டு, "ஏன் மச்சான் அங்க கொண்டு போய்க் குடுத்தீங்க? நம்மட ஆக்கள் இல்லையா திருத்துறதுக்கு?" என்றார்.

நான் சொன்னது ஒரு மனிதரின் வேலையைப் பற்றி. மச்சான் அதைத் தமிழன், முஸ்லிம் என்ற வேறிடத்துக்குக் கொண்டு போனார். சண்டைக்காலமெல்லாம் பார்த்த வயது எனக்கு. இந்த ஒரு வசனம் எங்கே தொடங்கி எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அப்போது என் கோபத்துக்கு ஆள் தேவைப்பட்டது. வாயை மூடிக்கொண்டு கொடுத்த பால் போடாத பிளேன்ரீயைக் குடித்தேன்.

அதற்குப் பிறகு வந்த கிழமைகளில் அந்தக் கராஜைக் கடந்து போகும்போதெல்லாம் பார்த்தேன். முதலில் எங்கள் பக்கத்துப் பைக்குகள் இல்லாமல் போயின. பிறகு மற்றப் பைக்குகளும் குறைந்தன. "அந்த மாஸ்டர்ட புது பைக்கையே கெடுத்துப்போட்டானாம்" என்றால் எந்த ஊர்க்காரன்தான் தன் பைக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பான்? அவர் வாசலில் ஒரு டயரில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போவேன். அனுபவிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். கியரும் பின்னேரமானால் ஏறாமல்தான் இருந்தது. கம்பனிக்காரனிடம் திகதி எடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை, உயர்தர வகுப்புக்கு மேலதிகப் பாடம் வைத்திருந்தேன். முடிய மூன்று மணி. வினாத்தாள் கட்டொன்றை மருதமுனையில் இன்னோர் ஆசிரியரிடம் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்துவிட்டு, கொதிக்கிற வெயிலில், வீட்டுக்குப் போகாமல் நேரே பள்ளிவாசலுக்கு வந்தேன். பைக் கொதிக்கிறது, பெற்றோல் தாங்கியில் கை வைக்க முடியவில்லை. கியர் என்ன செய்தது தெரியுமா? ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, டக் டக் என்று ஏறியது. சந்தோசப்படுவான்தானே மனிதன்? எனக்குக் கோபம் வந்தது. என்னுடைய வெப்ப விரிவு என்ன ஆவது?

தொழுதுவிட்டு வெளியே வந்தால் என் சப்பாத்தைக் காணவில்லை. பாடசாலைக்குப் போடுகிற புதுச் சப்பாத்து, லேஸ் கட்டும் தோல் சப்பாத்து. படிக்கட்டில் எல்லாருடைய செருப்பும் இருக்கிறது, என் சப்பாத்து இருந்த இடத்தில் ஒரு சோடி தேய்ந்த றப்பர் செருப்பு கிடக்கிறது. அல்லாஹ்வின் வீட்டு வாசலில் சப்பாத்தை மாற்றிக்கொண்டு போகிறவனும் தொழத்தானே வந்திருப்பான்! கடைசி ஆள் போகும் வரை நின்று பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. அந்தத் தேய்ந்த செருப்பை மாட்டிக்கொண்டு, வாயில் வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு, பைக்கை எடுத்தேன்.

கடற்கரை வீதியில் மூன்றாவதுக்குத் தூக்கினேன். ஏறவில்லை.

ஓரமாக நிறுத்தினேன். அதே பைக். அதே ஒயில். அதே வெயில். இருபது நிமிடத்துக்கு முன் ஏறியது, இப்போது ஏறவில்லை. பரிசோதனை செய்யும்போது ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் மாறாமல் வை என்று இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குக் கத்திக்கொண்டிருக்கிறேன். சப்பாத்துக் கள்ளன் எனக்காக அந்தப் பரிசோதனையைச் செய்து தந்துவிட்டுப் போயிருக்கிறான்.

குனிந்து இடது காலைப் பார்த்தேன். லீவருக்கு அடியில் செருப்பின் முன்பக்கம் முட்டி, வளைந்து, கீழே தொங்குகிறது. விரல் வெறும் விரல். தூக்கினால் இரும்பு குத்துகிறது. குத்துகிறதென்று கால் தன்பாட்டில் பாதியில் நின்றுவிடுகிறது. நான் முழுவதும் தூக்கிவிட்டதாக நினைக்கிறேன். பழைய பைக்கில் செருப்போடு மிதித்தே பழகிய காலுக்குச் செருப்போடு தூக்கத் தெரியாது. செருப்பைக் கழற்றி வீசினேன். பல்லைக் கடித்துக்கொண்டு வெறுங்காலால் முழுமூச்சாகத் தூக்கினேன். டக். மூன்றாவது.

காலையில் சப்பாத்து. பின்னேரம் சாறனும் செருப்பும். பள்ளிவாசலுக்கு எவன் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போவான், ஒழு எடுத்துக் கால் கழுவ வேண்டாமா? இந்தக் கரையோரத்தில் ஆம்பிளையாகப் பிறந்த எல்லாரும் செருப்போடுதான் பைக் ஓட்டுகிறோம். சூடுமில்லை, ஒயிலுமில்லை. அந்தக் கியர்ப் பெட்டியில் ஒரு நாளும் ஒரு பிழையும் இருந்ததில்லை. யானையைப் பார்த்தபோதும் எனக்கு இப்படிப் பயம் வந்ததில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஆடத் தெரியாதவ மேடை கோணல் எண்டாளாம்" என்றாள். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அந்த மனுசன்ட போய்ச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லுறன், சொல்லுறன்."

"எப்ப?"

"புள்ள, நச்சரிக்காத."

"பாவம் கிடைக்கும். அல்லாஹ்க்குச் செஞ்சத அல்லாஹ் மன்னிப்பான். மனுசனுக்குச் செஞ்சத அந்த மனுசன்தான் பொறுக்கணும். ஒங்களுக்கு நான் சொல்லியா தரணும்?"

உடனே போயிருக்க வேண்டும். போகவில்லை. நான்கு நாள் இழுத்தேன். புதுச் சப்பாத்து வாங்கினேன். கியர் மாற்றிப் பழகினேன். அந்தக் கராஜைக் கடக்கும்போது எல்லாக் கியரும் ஒழுங்காக ஏறுவது அவருக்குக் கேட்டுவிடுமோ என்று இரண்டாவதிலேயே ஓட்டினேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஐந்தாம் நாள் போனேன். அவர் மட்டும்தான் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி நின்றார், அடி வாங்கப் போகிறவர் போல. நான் சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, பிழை பைக்கில இல்ல. என்ட கால்ல. செருப்போட ஓடினதால கியர் ஏறல்ல. நீங்க ஒண்டும் கெடுக்கல்ல. என்னைப் பொறுத்துக்கங்க."

"செருப்பா சேர்?" என்றார். என் காலைப் பார்த்தார். சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். கராஜுக்குள் செருப்போடு நிற்கவிடாத இடத்தில் ஆறு வருடம் வேலை செய்தவர், எந்நேரமும் மூடிய சப்பாத்துத்தான் போடுவார். அதனால்தான் அவருக்கு எப்போதும் ஏறியது. பிறகு சிரிப்பு நின்றது. டயரில் உட்கார்ந்துகொண்டார்.

"சேர், நான் அதை ரெண்டு தரம் கழட்டிப் பூட்டினன். ஒரு சாமானும் பிழையில்ல எண்டு கண்ணால பார்த்தனான். ஆனா நீங்க சூடு எண்டு சொன்னீங்க. நானும் சூட்டைத்தான் தேடினன். படிச்ச மனுசன் பிழையாச் சொல்லமாட்டார் எண்டு நினைச்சன். கடைசில என்ட கையிலயே எனக்குச் சந்தேகம் வந்திட்டு."

மறுபடியும் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"நான் பொறுத்திட்டன் சேர்" என்றார். "ஆனா நீங்க இஞ்ச வந்து மெதுவாச் சொல்றீங்க. அங்க சத்தமாத்தானே சொன்னீங்க. அங்கயும் போய்ச் சொல்லுங்க."

மறுநாளே மச்சானின் கடைக்குப் போனேன். கதிரைகள் நிறைந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் போனேன். நின்றபடி சொன்னேன். செருப்பு என்ற இடத்திலேயே சிரிப்புத் தொடங்கிவிட்டது. ஒருவர் கண்ணீர் வர வர, "பௌதிகவியல் மாஸ்டர், பௌதிகவியல் மாஸ்டர்" என்று தொடையில் அடித்துக்கொண்டார். சிரிக்கட்டும், அதற்கு நான் தகுதியானவன்தான். ஆனால் மெக்கானிக்கைப் பற்றிச் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை. சத்தத்தைக் கூட்டிச் சொன்னேன். "அந்தாள்ல ஒரு பிழையும் இல்ல. நல்ல வேலைக்காரன். நான் பொய் சொல்லிப் பேரக் கெடுத்துப் போட்டன்."

"சரி சரி, விடுங்க மச்சான்" என்றார் மச்சான், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எண்டாலும் நம்மட ஆக்கள்ட குடுக்கிறதுதான் நல்லம்."

இந்த முறை என்னால் முடியவில்லை.

"என்ன எண்டாலும்? பிழை விட்டது நம்மட ஆள்தான் மச்சான். நான்தான் அந்த ஆள். அந்த மனுசன்ட பொழப்புல மண் போட்டது நான், வாய மூடிக்கிட்டு ரீ குடிச்சது நான், நம்மட ஆள் எண்டு அத மறுகா மறுகா ஊதிவிட்டது நீங்க. விளங்கிச்சா?"

சிரிப்பு நின்றுவிட்டது. மச்சான் என்னைப் பார்த்தார், பிறகு தெருவைப் பார்த்தார். கல்யாணம் முடித்து இருபது வருடத்தில் அவருடன் நான் அப்படிக் கதைத்ததில்லை. ஒருவரும் பிளேன்ரீ சொல்லவில்லை. நான் வந்துவிட்டேன். மனைவிக்குக் கதை எனக்கு முன்னரே வந்து சேர்ந்திருந்தது. "காக்காவோட அப்பிடியா கதைக்கிற?" என்று தன் மூத்த சகோதரருக்காகக் கேட்டாள். ஆனால் அன்று சோற்றுக்கு என் தட்டில் பெரிய மீன் துண்டு இருந்தது.

மூன்றாம் நாள் மச்சான், யாரிடமும் சொல்லாமல், தன்னிடமிருந்த என் பழைய பைக்கைப் பாண்டிருப்புக்கு அனுப்பியிருந்தார். கதிரையில் இருந்த வேறு இரண்டு பேரும் போயிருந்தார்கள். கேள்விப்பட்டதும் எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. சப்பாத்தை மாட்டிக்கொண்டு பறந்தேன். கராஜ் வாசலில் மூன்று பைக்குகள் வரிசையாக நின்றன. அவர் ஒன்றுக்கு அடியில் படுத்திருந்தார்.

"பார்த்தீங்களா தம்பி, வரத் தொடங்கிட்டாங்க!" என்றேன். பெரிய சாதனை செய்தவன் போலத்தான் சொன்னேன்.

எழும்பி வந்தார். கையைத் துடைத்தார். "ஓம் சேர். மெத்தப் பெரிய உபகாரம். இந்த மூண்டையும் முடிச்சிக் குடுத்திட்டுத்தான் போவன்."

"எங்க போறீங்க?"

"விசா வந்திட்டு சேர். பழைய இடம்தான். ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வெச்சிட்டன்."

"எப்ப பாஸ்போட் குடுத்தீங்க இதுக்கு?"

சொல்ல அவருக்கு விருப்பமில்லை. நான் விடவில்லை.

"சேர் ஏசிட்டுப் போன கிழமைக்கு அடுத்த கிழமை."

விசாவைத் திருப்பிக் கொடுக்க ஏலாதா என்று கேட்டேன். கடையை நான் பார்க்கிறேன், ஆட்களை நான் கொண்டு வருகிறேன் என்றேன். ஏதேதோ சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார், முன்பு என்னுடைய வெப்ப விரிவைக் கேட்டது போலவே. பிறகு, "அத விடுங்க சேர்" என்று சொல்லி என் பைக்குக்குப் பக்கத்தில் குந்தினார். "சப்பாத்துக்கு இந்த லீவர் கொஞ்சம் பதிவு, கீழ நிக்குது. ஒரு பல்லு உயர்த்தி விடுறன்." ஆணியைத் தளர்த்தி, லீவரை உருவி, ஒரு பல் தள்ளிப் பூட்டினார். ஐந்து நிமிட வேலை. "ஒருக்கா ஓடிப் பாருங்க."

பாலத்தடி வரை போய்த் திரும்பி வந்தேன். ஒன்றிலிருந்து ஆறு வரை ஏறியதும் தெரியவில்லை, இறங்கியதும் தெரியவில்லை. அவர் வாசலில் நின்று காத்திருந்தார். வேலையை முடித்துக் கொடுத்த எவனும் கேட்பது போல, கொஞ்சம் பயத்தோடுதான் கேட்டார்.

"எப்பிடி சேர்?"

"ஒரு பிழையும் இல்ல தம்பி" என்றேன்.